கணக்குத் தெரியாத மாமா

இதைப் படிக்கிற நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இப்போது முழங்கால் மடங்காது. மலை ஏறி இறங்கிய கால்கள், அவற்றைச் சொல்லிக் குற்றமில்லை. வாய்க்கு மட்டும் நம்மில் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. அந்தத் தைரியத்தில், ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது நான் இரண்டு வாரம் ஒருத்திக்குத் தாய்மாமனாக இருந்த கதையைச் சொல்கிறேன். பெண்பிள்ளை எப்படி மாமா ஆவாள் என்று குறுக்கே கேட்காதீர்கள். ஆனேன், அவ்வளவுதான்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, சில இடங்களில் காணியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்த காலம் அது. ஒரு தோட்டம் பிரிபட்டால் அங்கே வேலை செய்தவர்களுக்கு வேலையும் போகும், லயம் என்கிற வரிசை வீட்டில் இருந்த ஓரறைக் காம்பராவும் போகும். அப்படி வலப்பனைப் பக்கத்திலிருந்து நடந்தே வந்த ஒரு குடும்பம் எங்கள் தோட்டத்தில் ஒதுங்கியது. ஓர் அம்மா, என் வயதில் ஒரு பெண், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு தம்பிமார். அப்பா வேலை தேடி வவுனியாப் பக்கம் போனவர், போனவர்தான். தோட்டத்தில் பேர் பதிந்த ஆளுக்குத்தான் காம்பரா. அந்த அம்மாவுக்குக் கிடைத்ததோ ஆள் குறைந்த நாளில் மட்டும் கூப்பிடுகிற கைக்காசு வேலை. ஆகவே அவர்கள் கொழுந்து மடுவத்தில் குடியிருந்தார்கள்.

மடுவம் என்றால் பறித்த கொழுந்தை நிறுக்கிற தகரக் கொட்டகை. இடுப்பளவு சுவர், நடுவில் தொங்குகிற தராசு, மூலையில் சாக்குக் குவியல். ஒரு நாளைக்கு மூன்று தரம் அங்கே நிறுவை நடக்கும். காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்து. அதனால் அந்தக் குடும்பம் ஒரு நாளைக்கு மூன்று தரம் வீடு காலி செய்தது. நிறுவைக்குச் சங்கு ஊதியதும் அடுப்பை மண் போட்டு அணைத்து, சட்டி பானையைத் தகரப் பெட்டிக்குள் திணித்து, தம்பிமாரையும் தூக்கிக்கொண்டு பின்னாலுள்ள சவுக்கு மரங்களுக்குள் போய் நிற்பார்கள். நிறுத்து முடிந்து லொறி போனதும் திரும்பி வந்து அதே அடுப்பை ஊதுவார்கள். அந்தப் பெண் இதைச் செய்கிற வேகத்தைப் பார்க்கவே நாங்கள் வேலியோரம் நிற்போம். எங்கள் வீட்டில் ஒரு சட்டியைக் கழுவி வைக்க நான் ஒரு மணி நேரம் எடுப்பேன் என்று என் அம்மா சொல்வது நியாயமான குற்றச்சாட்டு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

கொழுந்து நிறுத்துப் பேர் எழுதுகிற கணக்கப்பிள்ளைக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதும் அவருக்குத் தெரியும். தராசுக்குப் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சுவார்.

"இங்க யாரு கருவாடு சுட்டது?"

"கொழுந்து வாசங்க ஐயா" என்பார்கள் பெண்கள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"மேல்மலைக் கொழுந்து அப்படித்தான் வாசம் வரும்" என்று சொல்லிவிட்டு அவர் நிறுப்பார். அந்த மாதத்து எங்கள் தேயிலையை எந்த நாட்டுக்காரன் வாங்கிக் குடித்தானோ, அவன் பாடு.

எங்கள் பள்ளிக்கூடமும் அரைச் சுவர் கட்டடம்தான். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு பெரிய சார். ஐந்தாம் வகுப்பில் நாங்கள் ஏழு பேர். பெரிய சார் யாழ்ப்பாணத்துக்காரர். கைமுட்டி வரை வெள்ளைச் சட்டை, பையில் ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா. நீலத்தை அவர் எடுத்து நான் பார்த்தது குறைவு. மடுவத்துப் பெண் காலை நிறுவை முடிந்ததும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவருக்கு வெளியே வந்து நிற்பாள். உள்ளே சார் கணக்குக் கேட்பார். நாங்கள் ஏழு பேரும் கூரையைப் பார்ப்போம். வெளியிலிருந்து விடை வரும்.

இரண்டு மூன்று நாள் சார் கேட்காத மாதிரி இருந்தார். நாலாம் நாள் அவளையும் அவள் அம்மாவையும் மேசைக்கு அழைத்து, பதிவுப் புத்தகத்தைத் திறந்தார்.

"பிள்ளை கெட்டிக்காரி. ஸ்காலர்சிப் சோதினைக்கு அனுப்பலாம். மாத முடிவுக்கு முன்னம் பேர் போகவேணும். ஆனால் இஞ்சை பாருங்கோ, வதிவிடம் எண்டு ஒரு கட்டம் இருக்கு. அதுக்குள்ளை நான் என்னத்தை எழுதுறது?"

"மடுவம்னு எழுதுங்க சார்" என்றாள் அந்த அம்மா.

"மேலிடத்துச் சுற்றுநிருபம் இருக்கம்மா. இருக்கிற இடத்துக்கு அத்தாட்சி வேணும். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால் அங்கை கொழுந்துதானே இருக்கும்?" என்றவர், எங்கள் பக்கம் திரும்பாமலே குரலை உயர்த்தினார். "இந்தப் பிள்ளையின்ரை பேருக்கு, இந்தத் தோட்டத்து விலாசத்துக்கு, தபாலிலை ஒரு கடிதமாவது வந்திருந்தால் அதைக் காட்டிப் பதிஞ்சுபோடுவன்."

அந்த அம்மாவுக்கு யார் கடிதம் போடப்போகிறார்கள். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அவள் மகள் சுவருக்கு வெளியே திரும்பவும் வந்து நின்றாள். அன்றைக்குச் சார் கேட்ட கணக்குக்கு விடையே வரவில்லை.

நான் யார் தெரியுமோ? தோட்டத்துத் தப்பால்காரர் மகள். கடிதம் என்றால் அது எங்கள் வீட்டுச் சமாச்சாரம். அப்பா தினமும் காலையில் கித்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆறு மைல் இறங்கி ஹட்டனுக்குப் போவார். தோட்டத்துக் கடிதங்களைத் தபால் கந்தோரில் கொடுத்து, தோட்டத்துக்கு வந்தவற்றை வாங்கிக்கொண்டு மாலையில் ஏறி வருவார். மறுநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், கணக்கப்பிள்ளை பேர் வாசித்துக் கடிதம் கொடுப்பார். அப்பாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இது என் திட்டத்துக்கு மிகவும் வசதியாக இருந்தது.

அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த பிஸ்கட் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பல்லைப் பதம் பார்க்கும், ஆனால் தேத்தண்ணீரில் ஊறவைத்தால் அமிர்தம். ஆறு பேர் பிஸ்கட்டையும் சேர்த்துத் தோட்டத்துக் கடைக்காரரிடம் கொடுத்து, தபால் அட்டை வாங்கினோம். எழுதுவது நான், பட்டினி கிடப்பது மற்ற ஆறு பேர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

சரி, யார் எழுதுவதாக எழுதுவது? பாடப்புத்தகத்தில் கடிதம் என்றால் மாமாவுக்குத்தான் எழுதச் சொல்வார்கள். ஆகவே மாமா எழுதட்டும் என்று முடிவு செய்தேன். ஊர் கொழும்பு. ஆனால் "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கு மேல் ஒரு மாமா மருமகளுக்கு என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியவில்லை. என் மாமா எனக்கு எழுதியதே இல்லை, குட்டு வைப்பதோடு சரி. யோசித்துப் பார்த்து, அன்றன்று வகுப்பில் நடந்த கணக்கை எழுதினேன். அட்டையும் நிறையும், வெளியில் நிற்கிற பிள்ளைக்குப் பாடமும் போய்ச் சேரும். இன்றைக்கு வரை என் வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அதுதான். விளைவுதான் வேறு மாதிரி ஆகிவிட்டது.

முதல் அட்டை காலையில் அப்பா முதுகில் மலை இறங்கி, முத்திரை குத்திக்கொண்டு, அந்தியில் அப்பா முதுகிலேயே மலை ஏறியது. மறுநாள் பெரட்டில் நானும் அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றேன். பனிக்குள் நூறு பேர், தலையில் கம்பளியும் இடுப்பில் படங்குச் சாக்குமாக. கணக்கப்பிள்ளை மடுவத்துப் பெண்ணின் பேரை வாசித்தார். ஒருவரும் வரவில்லை. பிறகு அந்த அம்மா முன்னால் வந்தாள், வந்தவள் அட்டையைக் கண்டதும் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள்.

நம் ஆட்களுக்குத் தெரியாத இடத்திலிருந்து கடிதம் வந்தால் அது சாவுச் செய்திதான். வவுனியாவில் அவள் புருஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண்களும் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தார்கள். இதை நான் யோசிக்கவே இல்லை.

"அழுவாதம்மா, படிச்சுப் பாப்போம்" என்று கணக்கப்பிள்ளை அட்டையைத் தூக்கிப் பிடித்து உரக்க வாசித்தார். "அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது. நலம், நலமறிய ஆவல். ஒரு தொட்டியில் இரண்டு குழாய்கள் உள்ளன. முதல் குழாய் தொட்டியை ஆறு நிமிடத்தில் நிரப்பும்..."

அழுகை நின்றது. ஒரு லயத்துக்கே ஒரு குழாய், அதிலும் விட்டு விட்டு வருகிற தண்ணீர், அதற்கும் வரிசை. அந்தக் கூட்டத்தில் இந்தச் செய்தி இறங்கியது.

"ரெண்டு குழாயா?" என்றார் தோட்டத் தலைவர். சங்கத்துக் காரியங்களைப் பார்க்கிறவர், எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக வாய் திறக்கிறவர். "ஒரு தொட்டிக்கு ரெண்டு குழாய் வச்சுருக்காரா? பெரிய ஆளாத்தான் இருக்கணும். ஏம்மா, இப்புடி ஒரு அண்ணன் இருக்கறத சொல்லவே இல்லியே?"

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கி மடியில் செருகினாள். அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு கடிதம் போதும் என்றுதான் சார் சொன்னார். நிறுத்தியிருக்கலாம். ஆனால் மடுவத்துப் பெண் அதைச் சாரிடம் கொண்டுபோகவில்லை. வெளியே சாக்கில் உட்கார்ந்து கரித்துண்டால் தொட்டிக் கணக்கைச் செய்து பார்த்தாள், அதோடு சரி. அவளுக்குக் காட்டப் பயம், எங்களுக்குக் கேட்க வெட்கம். ஆகவே ஒன்று போதாது போலும் என்று நினைத்து எழுதிக்கொண்டே போனேன். இரண்டாம் அட்டையில் மாமா ஒரு வரிசைக்குப் பதினைந்து தென்னங்கன்று வீதம் பன்னிரண்டு வரிசை நட்டார். விடையையும் நானே போட்டேன்: நூற்று எழுபது. மூன்றாம் அட்டையில் இருபது வேலையாட்கள் ஒரு சுவரை எட்டு நாளில் கட்டினார்கள். தோட்டம் முழுக்கப் பேச்சு. கொழும்பில் மாளிகை எழும்புகிறது, சுற்றிலும் தென்னந்தோப்பு, தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிகிறது.

மாமா வந்த பிறகு மடுவத்துக்கு மரியாதை வந்தது. கணக்கப்பிள்ளை நிறுவை நேரத்தில் தகரப் பெட்டியை மூலையிலேயே விடச் சொன்னார். தலைவர் வீட்டிலிருந்து ஒரு பலாக்காய் போனது. இதையெல்லாம் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் ஒரு பெரிய மனிதன் என்ற நினைப்பில் வீட்டில் தண்ணீர் எடுக்கப் போக மறுத்து அடி வாங்கினேன். இப்போது நினைத்தால் வேறொன்று உறுத்துகிறது. இத்தனை அட்டை எழுதினோம். மழை பெய்கிற அந்திகளில் அந்தப் பிள்ளைகள் சவுக்கு மரத்தடியில் நனைந்து நின்றதையும் பார்த்தோம். எங்கள் காம்பராவுக்கு வந்து இரு என்று ஏழு பேரில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. எனக்கு அதில் இன்றும் வெட்கம்தான்.

ஒன்பதாம் அட்டைதான் வினையாக வந்தது. அன்றைய பாடம் புகையிரதம். "கொழும்பிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்படும் புகையிரதம் மணிக்கு இருபது மைல் வேகத்தில் நூறு மைல் ஓடினால் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று கண்டுபிடி." ஊர் பெயரை மட்டும் நானாகச் சேர்த்தேன். பெரட்டில் இதை வாசித்ததும் எல்லோரும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வர்றாரு" என்றார் தலைவர்.

"என்னைக்குன்னு போடலியே" என்றார் கணக்கப்பிள்ளை.

"போடாட்டி நாளைக்குத்தான். பெரிய மனுசங்க அப்புடித்தான் எழுதுவாங்க. மணிய மட்டும் நம்மளக் கண்டுபிடிக்கச் சொல்றாரு."

கணக்கப்பிள்ளை விரல் மடக்கிப் பதினொரு மணி என்றார். அந்த அம்மாவைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. என் முகம் எப்படியிருந்தது என்று தெரியாது, ஆனால் அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலா என்று கேட்டார்.

மறுநாள் தலைவர் கடதாசிப் பூ மாலையோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஹட்டன் ஸ்டேசனுக்குப் போனார். அங்கே நடந்ததை அப்பாதான் வந்து சொன்னார். ரயில் வழக்கம் போலப் பிந்தி வந்தது. முதல் பெட்டியிலிருந்து வெள்ளை வேட்டி கட்டிய, கனத்த உடம்புள்ள ஒருவர் தேத்தண்ணீர் குடிக்க இறங்கினார். தலைவர் ஒரு கேள்வியும் கேட்காமல் மாலையைப் போட்டுவிட்டார். அந்த மனிதர் பண்டாரவளைக்குப் போகிற சிங்கள ஆசிரியர். எதற்கு மாலை என்று அவரும் கேட்கவில்லை. எல்லோரையும் கும்பிட்டு, சிரித்து, சிங்களத்தில் நாலு வார்த்தை வாழ்த்திவிட்டு, மாலையோடு ரயிலேறிப் போய்விட்டார்.

அன்றைக்கே பின்னேரம், நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது, தலைவரும் கணக்கப்பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார்கள். தலைவர் கையில் அந்த அம்மாவிடம் வாங்கிய ஒன்பது அட்டை. பின்னால் அந்த அம்மாவும் மகளும். மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது.

"சார், நீங்க படிச்சவுக. இத என்னான்னு பாருங்க. யாரோ நம்மள வச்சு வெளையாடுறாங்க. அப்படி ஒரு மாமனே இல்லன்னா, பொய் சொல்லிக் குந்திக்கிட்டு இருக்கறவங்களத் தோட்டத்துல வச்சுக்க முடியாது."

ஒரு அட்டையால் பள்ளிக்கூடம் வாங்கிக் கொடுக்கப் போய், ஒன்பது அட்டையால் மடுவத்தையும் பிடுங்கிவிட்டேன். நான்தான் எழுதினேன் என்று எழுந்து சொல்ல நினைத்தேன். நினைத்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், உங்களிடம் பொய் சொல்ல விருப்பமில்லை.

சார் ஒன்பதையும் ஒவ்வொன்றாக வாசித்தார். முத்திரையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் ஒரு பார்வை. அந்த வகுப்பில் எங்கள் கையெழுத்து எல்லாம் அவர் கை பிடித்துப் பழக்கியது. சிவப்புப் பேனாவை எடுத்தார். தொட்டிக் கணக்குக்கு ஒரு சரி. தென்னங்கன்றுக்கு வந்ததும் பேனா நின்றது.

"பிள்ளை, இஞ்சை வாரும்" என்று மடுவத்துப் பெண்ணை அழைத்தார். "இதைப் பார்த்தனீரோ?"

"பாத்தேன் சார். நூத்தியெழுவது இல்ல சார். நூத்தியெம்பது."

"ரயில் எத்தினை மணிக்கு?"

"பதினொன்னு சார்."

சார் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். "இப்ப என்ன பிரச்சினை? இந்தப் பிள்ளையின்ரை பேருக்கு, இந்தத் தோட்டத்து விலாசத்துக்கு ஒன்பது கடிதம் வந்திருக்கு. நீங்கள்தான் வாசிச்சுக் குடுத்தனீங்கள். ஒன்பதிலையும் அரசாங்கத்து முத்திரை. இதைவிட அத்தாட்சி என்ன வேணும்?"

"அது சரிங்க சார். எழுதுனது யாருன்னு தெரியணும்ல?" என்றார் கணக்கப்பிள்ளை.

"மாமாதான் எழுதினவர்" என்றார் சார். "மாமாவுக்குக் கணக்குக் காணாது. அதாலைதான் ரயிலைத் தவற விட்டிருப்பார்."

நீலப் பேனாவை எடுத்து வதிவிடம் என்ற கட்டத்துக்குள் எழுதினார்: கொழுந்து மடுவம், மேற்பிரிவு. தலைவர் எட்டிப் பார்த்தார். அரசாங்கப் புத்தகத்தில் மையால் எழுதியதை அவர் எப்போதும் எதிர்த்ததில்லை. இருவரும் போன பிறகு சார் என்னை அழைத்து, பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை நூறு தரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். கல்மனசுக்காரர் என்று அவரைப் பற்றிப் பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கு அவர் ஏன் எங்களுக்குக் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினார் என்று யோசிக்க எனக்கு நரை விழ வேண்டியிருந்தது.

அந்த அம்மாவிடம் ஒருநாள், அண்ணன் இல்லாத நீங்கள் ஏன் அன்றைக்குச் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன். "கூடப் பொறந்தவன் இல்லாதவளுக்கு ஒருத்தன் வந்து எப்புடி இருக்கேன்னு கேட்டா, வேணாம்னா சொல்லுவாங்க?" என்றாள். மாமாவாக இருந்ததற்கு எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைக்கவில்லை.

சோதனை எழுதினோம். என் மார்க்கை இந்த வயதிலும் வெளியில் சொல்வதாக இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து சித்தி பெற்றது அவள் ஒருத்திதான். டவுன் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம், விடுதியில் தங்கிப் படிக்கலாம். விடுதிப் பத்திரத்தில் தாயின் சம்மதம் வேண்டும் என்று சார் அந்த அம்மாவைக் கூப்பிட்டார். அவளோ, தகப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளையைத் தனியே விட மாட்டேன் என்றாள். சார் விடுதியில் கட்டில் உண்டு, சாப்பாடு உண்டு, விளக்கு உண்டு என்று சொல்லிப் பார்த்தார். அவள் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

"அங்க எத்தனை தடவ வெளிய போய் நிக்கணும் சார்?"

சாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பத்திரத்தைக் கீழே வைத்தார்.

"நிக்கத் தேவையில்லை அம்மா. கட்டில் அவவின்ரை. ஒருத்தரும் எழுப்பமாட்டினம்."

"நாள் முழுக்கவா?"

"ஓம். நாள் முழுக்க."

அதன் பிறகுதான் அந்த அம்மா பெருவிரலை மையில் வைத்தாள்.